வாசலில் சேர்ந்த அஞ்சலிப் பொருட்களை அடைமழையிலிருந்து காப்பது எப்படி?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு விபத்தில் எங்கள் மாணவர்கள் நான்கு பேரை இழந்தோம். கல்லூரி வாசல் புங்க மரத்தடியில் மாணவர்களும் ஊராரும் வைத்த பொருட்கள் அப்படியே இருக்கின்றன. மாலை போட்ட படங்கள், ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள், மெழுகுவர்த்திகள், நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள், ஒரு கிரிக்கெட் மட்டை, வகுப்பே சேர்ந்து எழுதிய ஒரு ரெக்கார்டு நோட்டு, ஒரு தாய் கொண்டுவந்து வைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நேற்று இரவு பெய்த மழையில் பாதி நனைந்துவிட்டது. எல்லாவற்றையும் லேமினேட் செய்து அரங்கில் மாட்டிவிடலாம் என்கிறார் முதல்வர். ஒரு குடும்பம் எல்லாவற்றையும் கேட்கிறது. இன்னொரு குடும்பம் எதையும் பார்க்கவே விரும்பவில்லை. நாங்கள் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நனைந்த காகிதங்களைப் பாருங்கள். குடும்பங்களிடம் பேசுவது, முதல்வரிடம் பேசுவது, அரங்கு, எல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். ஈரக் காகிதம் பொறுக்காது. ஐப்பசி ஈரக்காற்றில் நனைந்த தாளில் இரண்டு மூன்று நாட்களுக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். ஒருமுறை பூத்தால் அந்தக் கறை போகாது.

ஆனாலும் எதையும் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி மரத்தடியை நான்கு திசைகளிலிருந்தும் படம் எடுங்கள். கயிறு கட்டி ஒரு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் அ1, அ2 என்று சீட்டு வைத்து, நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். எந்தக் கடிதம் யாருடைய படத்தின் கீழ் இருந்தது, மட்டை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதெல்லாம் அந்தப் படங்களில்தான் மிஞ்சும். பெயரில்லாமல் 'டேய், நீ இல்லாம பஸ் ஸ்டாண்டே நல்லா இல்லடா' என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டை இடம் குறிக்காமல் எடுத்துவிட்டால், நால்வரில் அது யாருக்கு எழுதியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நனைந்ததை வெயிலில் போடவே கூடாது. மேல்தாள் சுருண்டு எழுத்து வெளுக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். இஸ்திரிப் பெட்டியும் ஹேர் டிரையரும் அதே கேட்டைத்தான் செய்யும். மாடியில் ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் சட்டத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டினால் நல்ல உலர்த்தும் தட்டு கிடைக்கும், தாளுக்குக் கீழேயும் காற்று போகும். மின்விசிறியைக் குறைந்த வேகத்தில், தாள்மேல் நேராகப் படாதபடி ஓட விடுங்கள். ஒற்றைத் தாளைக் கையால் தூக்கினால் கிழியும். அடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை நுழைத்து அதோடு சேர்த்துத் தூக்குங்கள்.

மை விஷயத்தில் தெளிவு வேண்டும். சாதாரண பால்பாயிண்ட் மை எண்ணெய் சார்ந்தது, தண்ணீரில் பெரும்பாலும் கரையாது. ஸ்கெட்ச் பேனா, ஊற்றுப் பேனா மை, சில ஜெல் பேனா மைகள் கரையும். சந்தேகம் வந்தால் எழுத்தின் ஒரு புள்ளியில் ஈரப் பஞ்சு முனையை லேசாக வைத்து எடுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தத் தாளை ஒற்றக்கூடாது, எழுத்து மேலே பார்க்கும்படி வைத்துக் காற்றிலேயே காய விடவேண்டும்.

அந்த ரெக்கார்டு நோட்டுக்குத் தனி கவனம் தேவை. ஒரு பக்கம் கோடில்லாமலும் மறுபக்கம் கோடு போட்டும் இருக்கும் தடித்த தாள் அது. நனைந்தால் அட்டையில் இருக்கும் பசை இளகும், பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிரித்துப் பார்க்க ஆசை வரும். முழுதும் நனைந்திருந்தால் பிரிக்காதீர்கள். துண்டில் வைத்து வெளி ஈரத்தை ஒற்றுங்கள். பிறகு தானாகத் திறக்கும் இடங்களில் மட்டும், ஏறக்குறைய 20 தாளுக்கு ஒன்று வீதம், பிளாட்டிங் பேப்பரோ அச்சடிக்காத நியூஸ்பிரிண்டோ செருகுங்கள். வேதியியல் ஆய்வகத்து வடிதாள் இருந்தால் அதுவும் ஆகும். செருகிய தாள்களின் கனம் நோட்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முதுகு பிளந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றை மாற்றுங்கள். தொட்டால் குளிர்ச்சி தெரியாத நிலை வந்ததும் நோட்டை விசிறி போல விரித்து நிற்க வையுங்கள். கடைசியில்தான் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து மேலே கனம் ஏற்றவேண்டும்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் உலர்த்த ஆள் இல்லையென்றால் டீப் ஃப்ரீசர் கைகொடுக்கும். ஐஸ்கிரீம் விநியோகிக்கும் கடைகளில் மைனஸ் 18 டிகிரியில் ஓடும் பெட்டி இருக்கும், ஊருக்காக என்று கேட்டால் ஒரு மூலை தருவார்கள். ஒவ்வொரு நோட்டையும் பட்டர் பேப்பரில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, முதுகு கீழே இருக்கும்படி அடுக்குங்கள். உறைந்த காகிதத்தில் பூஞ்சணம் வளராது, மையும் மேலும் பரவாது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக உலர்த்தலாம். கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை மட்டும் உள்ளே வைக்காதீர்கள்.

படங்களைப் பார்ப்போம். ஸ்டூடியோவில் கழுவி எடுத்த படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் ஊதிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் ஈரம் இருக்கும்போதே சட்டத்தைக் கழற்றினால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. காய்ந்து ஒட்டிவிட்டால் பிய்க்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இங்க்ஜெட்டில் அச்சிட்ட படம் என்றால் துடைக்காமல் மேல்பார்க்க வைத்துக் காய விடுங்கள். கண்ணாடிமேல் வைத்த சந்தனப் பொட்டையும் குங்குமத்தையும் துடைத்துச் 'சுத்தம்' செய்ய யாராவது முன்வருவார்கள், தடுத்துவிடுங்கள். அந்தப் பொட்டை வைத்தது ஒரு தாயின் விரல். உதிராமல் இருக்க மேலே எதுவும் உரசாதபடி தட்டையான பெட்டியில், மூடிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி விட்டு வையுங்கள்.

காகிதம் தப்பியதும் மற்றவற்றுக்கு வரலாம். எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் வேண்டாம். எதை விடுவது என்பதை வெளிப்படையாக, குடும்பங்களையும் மாணவர்களையும் உட்காரவைத்து முடிவு செய்யுங்கள். ஒரு விடியற்காலையில் துப்புரவுப் பணியாளர்களை விட்டுக் காலி செய்துவிட்டால் அந்தக் காயம் ஆறாது. மூன்று நாள் முன்னதாகவே மரத்தில் அறிவிப்பு ஒட்டுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு எடுக்கிறோம், எங்கே வைக்கப்போகிறோம், திரும்ப வேண்டுபவர்கள் யாரைப் பார்ப்பது. குடும்பங்களில் பதினாறாம் நாள் காரியம், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா, முப்பதாம் நாள் திருப்பலி என்று இன்னும் ஏதேனும் மிச்சமிருக்கிறதா என்று கேட்டு அதற்குப் பிறகு நாள் குறியுங்கள். மழை மிரட்டினால் அதுவரை மேலே தார்ப்பாய் கட்டிவிடலாம். பக்கங்களை மூடாமல் காற்றுக்குத் திறந்து விடவேண்டும்.

மாலைகளையும் மலர் வளையங்களையும் சேமிக்க முடியாது. அவை அழுகும், பூச்சியைக் கூட்டிவரும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஒவ்வொரு மாலையிலிருந்தும் இரண்டு மூன்று பூக்களை எடுத்துத் தாவரவியல் துறையிடம் கொடுங்கள். செடிகளை அழுத்திப் பதப்படுத்தும் பலகை அவர்களிடம் இருக்கும், முதல் வாரம் தினமும் தாளை மாற்றினால் இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். பழைய பழக்கத்தில் பாதரசக் குளோரைடு பூச யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது கொடிய நஞ்சு. மீதிப் பூக்களிலிருந்து நைலான் நூல், ஜிகினா, தெர்மோகோல், கம்பி எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டு, நினைவாக நடப்போகும் மரத்தின் குழியில் உரமாகப் போடுங்கள். ஆற்றில் விடவேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினால் வெறும் பூவை மட்டும் விடலாம்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரை வெளியூர்க் கையேடுகளில் பார்க்க முடியாது, இது நம் ஊர்ப் பொருள். சுவரில் ஒட்டியதை உரிக்க முயலாதீர்கள். மைதா பசை கரப்பானுக்கும் காகிதம் அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்து, உரித்து உள்ளே கொண்டுவந்தால் உங்கள் நூலகத்துக்கே கேடு. அச்சகத்தில் ஒட்டாத பிரதி நாலைந்தாவது மிச்சம் இருக்கும், இன்றே ஆள் அனுப்பி வாங்குங்கள். ஃபிளெக்ஸ் அடித்த கடையிலும் மூலக் கோப்பு இருக்கும், இடம் வேண்டி அழிக்கும் முன் பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்சிகளும் சங்கங்களும் ஒட்டியவை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி பதிவில் இருக்கட்டும், அந்த வாரம் ஊர் எப்படி இருந்தது என்பதற்கு அவையும் சாட்சி.

ஃபிளெக்ஸ் துணி பாலியஸ்டர் வலைமேல் பிவிசி பூசியது. வெப்பத்தில் அதை வளைய வைக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் கசிந்து பிசுபிசுக்கும், தொட்டுக்கொண்டிருப்பதில் மை ஒட்டும், நாளாக நாளாக அமிலமும் விடும். மடித்தால் மடிப்பில் வெடிக்கும். கடையில் கேட்டால் ஃபிளெக்ஸ் சுற்றி வந்த அட்டைக் குழாய் கிடைக்கும். அதன்மேல் துணி சுற்றி, அச்சு வெளிப்பக்கம் இருக்கும்படி ஃபிளெக்ஸைச் சுருட்டி, மேலே மீண்டும் துணியால் மூடுங்கள். படங்களும் கடிதங்களும் இருக்கும் பெட்டியில் இதை ஒருபோதும் வைக்காதீர்கள். நால்வரில் ஒவ்வொருவருக்கும் நல்ல நிலையில் உள்ள ஒன்று போதும்.

பலூன், ரப்பர் பேண்டு, தெர்மோகோல் எழுத்து இவை நிற்காது, படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். மெழுகுவர்த்தியில் ஓரிரண்டை மட்டும் தனி டப்பாவில், குளிர்ச்சியான கீழ்த்தட்டில் வையுங்கள். கடிதத்தில் சிந்திய மெழுகைச் சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் இறுகும், மூங்கில் குச்சியால் மெல்லப் பெயர்க்கலாம். ஸ்டேப்ளர் பின், குண்டூசி, அடையாள அட்டைக் கயிற்றின் இரும்புக் கொக்கி எல்லாவற்றையும் இப்போதே கழற்றுங்கள். நம் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறித் தாளைத் துளைத்துவிடும். மட்டையை ஈரம் போகத் துடைத்து நிழலில் காயவிட்டால் போதும், எண்ணெய் பூசவேண்டாம். கைப்பிடி ரப்பர் நாளடைவில் பிசுபிசுக்கும் என்பதால் அதன்மேல் மட்டும் துணி சுற்றி வையுங்கள்.

விபத்தில் கிடைத்த பொருட்கள், அதாவது பை, செருப்பு, கறை படிந்த சீருடை, அடையாள அட்டை, ஏதாவது மரத்தடிக்கு வந்திருந்தால் அவற்றைத் துவைக்கவோ துடைக்கவோ வேண்டாம். வழக்கு நடந்தால் அவை சான்றுப் பொருளாகலாம். முதலில் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். காவல்துறை ஏற்கனவே எடுத்துக்கொண்டதைக் குடும்பம் நீதிமன்ற உத்தரவு பெற்றுத்தான் வாங்க முடியும். வழக்குக்குத் தேவையில்லை என்று ஆனபின் அவற்றின் முதல் உரிமை குடும்பத்துக்கே, கல்லூரிக்கு அல்ல.

முதல்வர் சொன்ன லேமினேஷன் வேண்டாம் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கை மறுபடி உரிக்க முடியாது. உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணமாகும். செல்லோ டேப்பும் அப்படித்தான், சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். அரங்கில் மாட்ட நல்ல நகல்களை அச்சிடுங்கள். கடிதங்களை 300 டிபிஐ, சிறிய படங்களை 600 டிபிஐ அளவில் டிஃப் (TIFF, தரம் குறையாத பட வகை) கோப்பாக ஸ்கேன் செய்து, அதிலிருந்து நகல் எடுத்துக் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் சட்டம் போட்டால் யாருக்கும் வேறுபாடு தெரியாது. கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று டெல்டாவுக்கு வெளியே இருக்கட்டும்.

அசல்களை வைக்கும் இடம் தரைத்தளமாக இருக்கக்கூடாது, வெள்ளம் வரும். தகரக் கூரையின் கீழும் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கூரைகள் என்ன ஆயின என்று உங்களுக்கே தெரியும். கழிப்பறைச் சுவரை ஒட்டாத மாடி அறையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால் வைத்த இரும்பு பீரோ நல்லது. கரையான் சுவர் வழியே மண்குழாய் கட்டித்தான் ஏறும். அந்த ஒரு சாண் இடைவெளி இருந்தால் வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தாலே கண்ணில் படும்.

பீரோவுக்குள் ரப்பர் விளிம்பு மூடி உள்ள பாலிபுரொப்பிலீன் பெட்டிகள் வையுங்கள், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். 3 என்றிருந்தால் பிவிசி, வாங்காதீர்கள். முழுதும் காய்ந்தபின்தான் பொருளை உள்ளே வைக்கவேண்டும். 50 லிட்டர் பெட்டிக்கு ஒரு கிலோ ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் போட்டு, ஈரப்பத மானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். புத்தகங்கள் 50 சதவீதம் என்று சொல்லும், நம் ஊரில் 65-க்குள் நிறுத்தினாலே பெரிய காரியம். 70-ஐத் தாண்ட விடாதீர்கள். ஜெல்லின் ஆரஞ்சு மணிகள் ஈரம் ஏறிப் பச்சையானால் வேதியியல் ஆய்வகத்து ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி உழைக்கும்.

துணிகளைச் சுற்ற காடா துணி போதும். ஆனால் கஞ்சி போகும்வரை சோப்பில்லாமல் வெந்நீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். கஞ்சி இருந்தால் இராமபாணம் வரும். நாளிதழில் எதையும் சுற்றாதீர்கள், அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். இடைத்தாளுக்குப் புதுச்சேரியில் கிடைக்கும் பருத்திக் கூழ்க் கைக்காகிதம் நல்லது. அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், எடுத்துப் பார்ப்பவர் உடம்புக்கும் ஆகாது. தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, பட்டை, மிளகு, கற்பூரம் சேர்த்துப் பொடித்துத் துணி முடிச்சாக வைப்பது பழைய வழக்கம். பீரோவின் மூலையில் அதை வைக்கலாம், பொருள்மேல் படக்கூடாது. பூச்சியை வராமல் விலக்க உதவும், வந்த பூச்சியைக் கொல்லாது. ஏற்கனவே பூச்சி விழுந்த காய்ந்த துணியையோ தாளையோ காற்றுப்புகாத பாலிதீனில் கட்டி மைனஸ் 18-இல் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்து ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, வெள்ளை நாடாவில் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். பதிவேட்டில் எண், சதுரம், என்ன பொருள், வைத்தவர் தெரிந்தால் அவர் பெயர், நிலை, என்ன செய்தோம் என்ற ஆறு பத்தி போதும். விட்டுவிட்ட பொருளுக்கும் ஒரு வரி இருக்கவேண்டும்.

குடும்பங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் கேட்பவரிடம், அவர் பிள்ளைக்கென்று வைத்தவற்றை ஸ்கேன் எடுத்தபின் கொடுத்துவிடுங்கள். கல்லூரிக்கு நகல் போதும். நால்வருக்கும் பொதுவானதை மட்டும் பிரித்துக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் பார்க்க விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள், அவர் மறுத்தார் என்பதற்காக எறிந்தும் விடாதீர்கள். உறையிலிட்டு ஒட்டி, பெயர் எழுதி வையுங்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நாளில் பெற்றோர் படங்களோடு வந்து நிற்கிறார்கள். இன்று பார்க்க முடியாதவருக்குப் பத்தாண்டு கழித்துப் பார்க்கத் தோன்றலாம்.

கடிதங்களில் ஒன்றிரண்டு யாருக்கும் தெரியாத காதலைச் சொல்லும். நம் பக்கத்தில் அது எழுதிய பெண்ணுக்கோ பையனுக்கோ எவ்வளவு ஆபத்தாக முடியும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஸ்கேன் செய்பவர் ஒருவர் அல்லது இருவராக, பெரியவர்களாக இருக்கட்டும். அப்படிப்பட்ட கடிதத்தைத் தனி உறையிலிட்டு, எழுதியவர் யாரென்று தெரிந்தால் அவரையே தனியே கேளுங்கள். அவர் திரும்பக் கேட்டால் நகல்கூட வைக்காமல் கொடுத்துவிடுங்கள். எந்தக் கடிதத்தையும் வாட்ஸ்அப்பில் போடக்கூடாது என்று எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இதைத் தொடர்ந்து செய்ய முடியுமா என்று தயங்கவேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1999 நவம்பர் 18-இல் மரக்கட்டை அடுக்கு சரிந்து 12 பேர் இறந்தபோதும், 2007 ஏப்ரல் 16-இல் வர்ஜீனியா டெக்கில் 32 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோதும், திடலில் குவிந்தவற்றைச் சேகரித்துக் காத்ததில் பல்கலைக்கழகத்தாரே முன்னின்றார்கள். உங்கள் கைக்கு மீறியது ஏதாவது வந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையையோ, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவையோ கேளுங்கள்.

டிபன் பாக்ஸை இன்னும் திறக்காமல் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே இருக்கும் சாப்பாடு கெட்டிருக்கும், ஆனாலும் அந்தத் தாயைக் கேட்காமல் திறக்கவேண்டாம். அவர் சரி என்றால், அவர் விரும்பினால் அவர் கையாலேயே, சாப்பாட்டை அந்த மரத்தடியில் புதைக்கலாம். பாத்திரத்தை வெந்நீரில் துணியால் மட்டும் கழுவுங்கள். தேங்காய் நாரோ பொடியோ போட்டுத் தேய்த்தால் மூடியில் வெட்டிய பெயர் மழுங்கிவிடும். மூடியையும் பாத்திரத்தையும் தனித்தனியே காயவைத்து, மூடாமல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவர் என்றாவது வந்து கேட்டால் எழுத்துப்பூர்வமாகக் கடிதம் கொடுங்கள் என்று சொல்லாதீர்கள். கொடுத்துவிட்டு, பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக 'அம்மா வாங்கிக்கொண்டார்' என்று தேதியோடு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.